மலைமேல் காட்டேஜ் வைத்திருப்பவர்களுக்கு



கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வால்பாறையிலும் வீடு கட்டி, படம் பிடித்துப் போட்டு, சனி ஞாயிறுக்கு வாடகைக்கு விடுகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு போனிலேயே தொழிலை நடத்துகிறீர்கள். கைக்குழந்தையோடு வந்து இறங்குகிற எங்களை நீங்கள் நேரில் பார்ப்பதே இல்லை. ஊர் திரும்பி நாங்கள் போடுகிற நட்சத்திரங்களை மட்டும் எண்ணிப் பார்க்கிறீர்கள். நட்சத்திரத்துக்குள் அடங்காத சில விஷயங்கள் எனக்கு உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதவில்லை. நாங்கள் தங்கிய இடத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. காலாண்டு விடுமுறையில் மன்னவனூர்ப் பக்கம் போனோம், அவ்வளவு போதும். இதே புலம்பலை ஏற்காடு போய் வந்த என் தோழியும் சொல்கிறாள், வால்பாறை போய் வந்த பக்கத்து வீட்டுக்காரரும் சொல்கிறார். அதனால் தனி ஒருவருக்கு எழுதுவதைவிட உங்கள் எல்லாருக்கும் எழுதுவதுதான் சரி என்று பட்டது.

எங்கள் கூட்டம் இதுதான்: நான், என் கணவர், ஆறு வயதுப் பெரியவள், ஒன்றரை வயதுச் சின்னவன், என் அக்கா, மாமா, அவர்களுடைய நான்கு வயதுப் பையன், அப்புறம் முழங்கால் வலியோடு எங்கள் அம்மா. இப்படி ஒரு கூட்டம் உங்களுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட லீவு விட்டதும் மலையேறுகிற வண்டிகளுக்குள் எட்டிப் பாருங்கள். பின் சீட்டில் ஒரு பாட்டியும் அவர் மடியில் ஒரு குழந்தையும் இருப்பார்கள். உங்கள் படங்களில்தான் அவர்களைக் காணோம். அங்கே எப்போதும் ஓர் இளம் ஜோடி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காபிக் கோப்பையோடு பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிறது.

எங்கள் கணக்கு மலை ஏறும்போதே தப்பிவிட்டது. வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அக்கா பையன் வாந்தி எடுத்தான். டம்டம் பாறையில் நிறுத்தி, முகம் கழுவி, சட்டை மாற்றிவிட்டு ஊத்து வருவதற்குள் என் மகள் ஆரம்பித்தாள். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளைத்தான் மலைச்சாலை அதிகம் புரட்டிப்போடும். கைக்குழந்தைகளுக்கு அவ்வளவாக ஒன்றும் செய்யாது. அதனால் சின்னவன் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தான். பெருமாள்மலையிலிருந்து ஒரே பனிமூட்டம். வெள்ளி அருவியின் சத்தம் மட்டும் கேட்டது. இதற்கெல்லாம் உங்கள்மேல் பழி போட எனக்கென்ன பைத்தியமா? மழை, பனி, வாந்தி, அழுகை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பிள்ளை பெற்றவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். நடக்காத திட்டத்துக்கு நாங்கள் யாரையும் திட்டுவதில்லை. தெரிந்திருந்தும் எங்களுக்குச் சொல்லாமல் விட்டதற்குத்தான் கோபம்.

சொல்லாமல் விட்டதில் முதலாவது, தூரம். விளம்பரத்தில் ஊர் கொடைக்கானல். ஏரியிலிருந்து பூம்பாறையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்; மன்னவனூர் 35 கிலோமீட்டர்; எல்லாம் வளைவும் காடுமான சாலை. மதுரையிலிருந்து கிளம்பி, வாந்தி எடுத்துத் துவண்ட பிள்ளைகளிடம் மூஞ்சிக்கல்லில் வைத்து “கொடைக்கானல் வந்தாச்சு கண்ணு” என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் ஒன்றரை மணி நேரம் அவர்களை உட்காரவைத்துக் கொண்டுபோன கொடுமை உங்களுக்குத் தெரியாது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆகிவிட்டதே, அதற்கு விண்ணப்பிக்கும்போது தங்கும் ஊர் எது என்று உரிமையாளரிடம் போனில் கேட்டேன். “கொடைக்கானல்னே போட்டுக்கோங்க மேடம், அது போதும்” என்றார். அரசாங்கத்துக்கு அது போதுமாக இருக்கலாம். எங்கள் வேன் டிரைவருக்குப் போதவில்லை.

அந்த மனிதர் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு மேல வண்டி போகாதுங்க” என்று சொல்லிவிட்டார். “கடைசியில கொஞ்சம் லேசா ஆஃப்ரோடு” என்று உரிமையாளர் மெசேஜில் எழுதியிருந்ததற்குப் பொருள், பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கிற ஜீப் தடம். அந்த ஜீப்புக்குத் தனி வாடகை. ஜீப் நின்ற இடத்திலிருந்து வீடு இன்னும் கீழே. சரிவை வெட்டி அமைத்த படிகள். ஒன்று ஓரடி உயரம், அடுத்தது ஒன்றரை அடி. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. மழையில் பாசி பிடித்துக் கிடந்தது. அம்மா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க போங்கடி, நான் இங்கேயே இருந்துக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேர்டேக்கர் ஒரு கையில் எங்கள் பையையும் மறு கையில் அம்மாவின் கையையும் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தார். நாங்கள் இருந்த நாள் முழுக்க அம்மா மறுபடி அந்தப் படியில் ஏறவில்லை.

நீங்கள் இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்மாவை வைத்துக்கொண்டு அந்த இடத்தை எடுத்திருக்க மாட்டோம். வேறு யாரோ எடுத்திருப்பார்கள். உங்களுக்கு ஒரு ரூபாய் நட்டம் இல்லை.

அடுத்து, உங்கள் படங்களில் மிக அழகாக விழுகிற பால்கனிக்கு வருகிறேன். காட்சியை மறைத்துவிடக் கூடாது என்று கைப்பிடிச் சுவருக்குப் பதில் மெல்லிய இரும்புக் குழாய்களைக் குறுக்கே, தள்ளித் தள்ளி ஓட்டியிருந்தார்கள். நான்கு வயதுப் பையன் அதைப் பார்த்தால் ஏறத்தானே செய்வான்? நாங்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அக்கா பையன் இரண்டாவது கம்பியில் நின்றுகொண்டிருந்தான். கீழே பாறைச் சரிவு. தரைக்கும் முதல் கம்பிக்கும் நடுவே என் சாண் தாராளமாக நுழைந்தது. சின்னவனும் நுழைவான். குறுக்குக் கம்பி கூடாது, நெட்டுக் கம்பிதான் வேண்டும், நடுவில் நான்கு அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைகளை நினைத்துக் கட்டுகிறவர்களின் கணக்கு. பல நாடுகளின் கட்டட விதிகளிலேயே அந்த நான்கு அங்குலம் இருக்கிறது. என் கணவரும் மாமாவும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் என் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டி, சோபாவைத் தூக்கிக் குறுக்கே போட்டார்கள். எந்த வியூவுக்காக வாடகை கொடுத்தோமோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போதாக்குறைக்கு முன்பக்கம் முழுவதும் தரையோடு தரையாகக் கண்ணாடி. அதில் ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. பெரியவள் ஓடிவந்து மோதி நெற்றி புடைத்துக்கொண்டாள். பத்து ரூபாய்க்குப் பூப்போட்ட ஸ்டிக்கர் கிடைக்கிறது.

சமையலறை உண்டு என்று போட்டிருந்தார்கள். உண்டுதான். ஒரு இண்டக்ஷன் அடுப்பும், அந்த அடுப்பில் சூடே ஏறாத அலுமினியப் பாத்திரங்களும், வரிசையாக ஒயின் கிளாஸ்களும் இருந்தன. குக்கர் கிடையாது. மலையில் குக்கர் எதற்கு என்று உங்களில் சமவெளிக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 93 டிகிரியிலேயே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். பார்க்கத்தான் கொதிப்பு, பருப்பு வேகாது. அரிசி மேலே குழைந்து உள்ளே விதையாக நிற்கும். பெரியவர்கள் பிரெட்டைக் கடித்துக்கொள்ளலாம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பருப்புச் சாதம் மசிய வேண்டாமா? கேர்டேக்கரின் மனைவிதான் தன் வீட்டு விறகடுப்பில் குக்கரை ஏற்றி, சாதம் குழைய வைத்து, மிளகு அதிகம் போடாத ஒரு ரசமும் வைத்துக் கொண்டுவந்தார். பிள்ளைகள் அந்த வார இறுதியில் ஒழுங்காகச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அது. பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. “ஓனருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு” என்றார். இதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரத்தான் எழுதுகிறேன், அந்த அம்மாவைக் காட்டிக்கொடுக்க அல்ல. உங்களுடைய எந்தக் காட்டேஜ் என்று உங்களால் கண்டுபிடிக்கவும் முடியாது.

கட்டண விஷயத்தில் ஒரு சின்ன வேடிக்கை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்று பெருந்தன்மையாகப் போட்டிருந்தார்கள். கட்டணம் இல்லாத பிள்ளைகளுக்குக் கம்பளியும் இல்லை என்பது ராத்திரிதான் தெரிந்தது.

அன்று இரவைப் பற்றி நிதானமாகவே சொல்ல வேண்டும். மழையோடு கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் இரண்டு பல்பு மட்டும் எரியும். ஹீட்டர் ஓடாது, கீசர் ஓடாது. கேம்ப்ஃபயருக்குக் கட்டிய காசு மழையில் போயிற்றே என்று எங்களுக்காக வருத்தப்பட்ட கேர்டேக்கர், ஓர் இரும்புச் சட்டி நிறையக் கரி கனிய வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். “ரூமுக்குள்ள வெச்சு ஜன்னலைச் சாத்திக்கிட்டா கதகதன்னு இருக்கும்மா, குளிர் தெரியாது” என்றார். அத்தனை அன்பாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. அணையாத கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலிலேயே, பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. அந்தச் செய்தியை நீங்கள் படிக்காமல் இருந்திருக்க முடியாது. படித்த பிறகும் உங்கள் கேர்டேக்கரிடம் “கரிச்சட்டியை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே கொடுக்காதே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால், அதை நான் அறியாமை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். படித்து முடித்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் போடுங்கள்.

நள்ளிரவு வாக்கில் சின்னவனின் உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரில் 102 தாண்டிவிட்டது. மருந்துப் பை என்னோடு இருந்தது. எடைக்குத் தக்க சிரப்பைக் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தோம். குழந்தைக்குக் காய்ச்சல் வருவது எனக்குப் புதிதில்லை. என்னைப் பயமுறுத்தியது போன். ஒரு கோடு சிக்னல் இல்லை. வைஃபை கரண்டோடு போய்விட்டது. டாக்டரைக் கூப்பிட முடியாது. 108-ஐக் கூப்பிட்டாலும் எந்த ஊர், எந்தத் தெரு, எந்த அடையாளம் என்று சொல்வது? காட்டேஜுக்கு நீங்கள் வைத்திருக்கிற பனி, மேகம், சொர்க்கம் என்று பொருள் வரும் இங்கிலீஷ் பேர் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும்? என் கணவர் டார்ச்சோடு போய்க் கேர்டேக்கரை எழுப்பினார். மேலே மூன்றாவது வளைவில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்குமாம். அந்தக் கல் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எங்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. மழையில் அந்தக் கல்லில் நின்று மதுரையில் இருக்கும் எங்கள் டாக்டரை எழுப்பிப் பேசினோம். தேவைப்பட்டால் ஏற்றிக்கொண்டு போகக் கேர்டேக்கர் ஜீப்பைத் திருப்பியே நிறுத்திவைத்து விடியும்வரை உட்கார்ந்திருந்தார். கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு அந்தப் பனியில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டதற்கு, “பாத்துக்கலாம்மா” என்றார். நேரத்தைச் சொல்லவில்லை. விடிகாலையில் காய்ச்சல் இறங்கியது.

ஒன்றரை வயதுக் குழந்தையின் எளிய காய்ச்சலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் நினைக்கலாம். காய்ச்சல் எளிது என்று காலையில்தான் தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ஒரு தாய்க்குத் தேவைப்பட்டதெல்லாம் சுவரில் ஒட்டிய ஒரு தாள்: சிக்னல் கிடைக்கும் இடம், பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி, ராத்திரியில் அங்கே போக ஆகும் நேரம், 108-க்குச் சொல்ல வேண்டிய ஊர்ப் பெயர். சுவரில் ஒட்ட நீங்கள் தாளே செலவழிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உடைந்த கிளாஸுக்கு எவ்வளவு, கறைபட்ட துண்டுக்கு எவ்வளவு என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

உங்கள் தொழில் தொடங்கிய கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கொடைக்கானலில் முதல் பங்களாக்கள் யாருடைய உல்லாசத்துக்காகவும் எழவில்லை. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் நோய்களுக்குத் தங்கள் ஆட்களையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களையாவது காப்பாற்ற வேண்டும் என்று 1845-இல் மலையேறி வந்து இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். படகு விட ஏரி வந்ததெல்லாம் அதற்குப் பிறகு, 1863-இல். அந்த முதல் பங்களாக்களுக்குச் சுவர் எழுப்பியவர்கள் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுப்பினார்கள். இன்றைக்கு அதே மலையில் கேமராவை மனத்தில் வைத்து எழுப்புகிறோம். படத்தில் நன்றாக விழுவதற்காகக் கம்பி மெலிகிறது, கண்ணாடி பெரிதாகிறது, கைப்பிடி காணாமல் போகிறது.

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியும். ஆறு பேர் என்று சொல்லி முன்பணம் போட்டுவிட்டுப் பத்துப் பேராக வந்து இறங்குகிறவர்கள் உண்டு. பிள்ளைகளை அவிழ்த்துவிட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற பெற்றோர் உண்டு. சிறுநீர் நனைத்த டயப்பரைப் பால்கனியிலிருந்து சரிவில் எறிகிறவர்களும் உண்டு. நாய் இழுத்து, பன்றி கிளறி, அது ஓடையில் போய் நிற்கிறது. அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழ் ஊரில் குடிக்கிறார்கள். எங்கள் பக்கத்து அசிங்கம் இது, மறுக்கவில்லை. கூடவே, மூடி போட்ட ஒரு குப்பை வாளியும், டயப்பரைச் சுற்ற நாலு பழைய பேப்பரும் உங்கள் குளியலறையில் இருந்தால் பாதி அசிங்கம் குறையும் என்றும் சொல்லிவைக்கிறேன். வண்டிகளுக்கு உச்சவரம்பு வந்துவிட்டதில் உங்களுக்கு இருக்கிற கலக்கமும் புரிகிறது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியபோது, வருகிற வாடிக்கையாளரையும் குறைகளைச் சொல்லித் துரத்துவதா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

ஆனால் துரத்த மாட்டீர்கள், பிரித்து அனுப்புவீர்கள். படியும் ஜீப்பும் சிக்னல் இல்லாத இரவும்தான் வேண்டும் என்று தேடி வருகிற இளைஞர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு உங்கள் வீடு சொர்க்கம். அதே வீட்டில் எங்கள் அம்மா கைதி. வரக்கூடாதவர்கள் வந்துதான் உங்கள் நட்சத்திரத்தைக் குறைக்கிறார்கள். அவர்களை வரவழைத்தது உங்கள் விளம்பரத்தில் இருந்த “குழந்தைகளுடன் குடும்பமாக வரலாம்” என்ற ஒரே வரி. அந்த வரியைப் போடும் முன் நீங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை முழங்காலில் தவழ்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. வெயில் வந்துவிட்டது. ஆட்டுப்பண்ணை, மன்னவனூர் ஏரி, பூம்பாறைக் கோயில் என்று நாங்கள் போட்டு வைத்திருந்த பட்டியல் ஒன்றும் நடக்கவில்லை. காய்ச்சல் விட்ட குழந்தையை எங்கே தூக்கிக்கொண்டு அலைவது? கேர்டேக்கர் வீட்டுப் பின்னால் ஒரு கையகல வாய்க்கால் ஓடியது. பெரியவளும் அக்கா பையனும் அதில் யூகலிப்டஸ் இலையைக் கிள்ளி விட ஆரம்பித்தவர்கள், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை நகரவில்லை. யாருடைய இலை கல்லில் மாட்டாமல் முட்டைக்கோஸ் பாத்தியைத் தாண்டுகிறது என்று போட்டி. கேர்டேக்கரின் மகள் மூன்றாம் வகுப்பு. அவள் நடுவராக இருந்து இரண்டு பேரையும் மாறி மாறி அதட்டினாள். அவள் அம்மா பூண்டுக் குவியலில் விதைப்பூண்டு பொறுக்கிக்கொண்டிருக்க, எங்கள் அம்மாவும் ஒரு முறத்தை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சின்னவன் ஒவ்வொரு பூண்டாக எடுத்து நாய்க்குட்டிக்குக் கொடுத்தான். அது ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு வேண்டாம் என்றது. வீட்டுக்கு வந்த பிறகு மகளிடம் என்ன பிடித்தது என்று கேட்டால் வாய்க்கால் என்கிறாள். மறுபடி எப்போது போவோம் என்றும் கேட்கிறாள்.

அந்த வாய்க்கால் உங்கள் விளம்பரத்தில் இல்லை. நீங்கள் லட்சக்கணக்கில் கொட்டிய கண்ணாடியும், கயிற்று ஊஞ்சலும், பார்பிக்யூ மேடையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையே படவில்லை. தேவைப்பட்டவை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடுகிற சாமான்கள். ஆகவே இன்னும் செலவு செய்யுங்கள் என்று கேட்டு நான் வரவில்லை.

நான் கேட்பது, சொல்லுங்கள் என்பதுதான். வண்டி நிற்கிற இடத்திலிருந்து வாசல் வரைக்கும் உள்ள வழியை ஒரு மழை நாளில் போனில் படம் பிடித்து, அந்த அழகான ஜோடியின் படத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். எத்தனை படி, கைப்பிடி உண்டா இல்லையா, ஜீப் வேண்டுமா, அதற்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ஊர்ப் பெயரை உள்ளபடி போடுங்கள். கொடைக்கானல் ஏரியிலிருந்து எத்தனை நிமிடம் என்பதைப் பகலுக்கும் பனிக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கரண்ட் போனால் எது ஓடும், எது ஓடாது என்று சொல்லுங்கள். எந்தக் கம்பெனி சிம் எடுக்கும், எந்தக் கல்லில் ஏறினால் எடுக்கும் என்றும் சொல்லுங்கள், கல்லைச் சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. கீசரின் சூட்டை 50 டிகிரிக்கு இறக்கிவையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் குழந்தையின் தோலைச் சில நொடியில் பொசுக்கிவிடும். ஒரு குக்கர் வாங்கி வையுங்கள். இரண்டு சின்னக் கம்பளி வையுங்கள். பால்கனிக்கு நைலான் வலை கட்ட மனம் வரவில்லை என்றால், பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குக் கீழ்த்தள அறை மட்டும்தான் என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். கேர்டேக்கரின் மனைவி சமைத்துக் கொடுத்தால் அதற்குரிய காசை அவர் பயமில்லாமல் வாங்கிக்கொள்ளலாம் என்று அவரிடமும் எங்களிடமும் சொல்லிவையுங்கள். குழந்தைகளோடு வர இந்த வீடு தோதுப்படாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். அப்படி எழுதுகிற ஒருவரைத்தான் எங்கள் குடும்பம் அடுத்த முறை நம்பும். அவர் தோதுப்படும் என்று சொல்கிற இன்னொரு வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் அனுப்பும்.

வருகிற மே மாதத்துக்கு எங்கள் வீட்டில் மறுபடியும் பேச்சு எழுந்துவிட்டது. இந்த முறை இடம் தேடுகிற பொறுப்பு அக்காவுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் எண்ணில்தான் கேட்பாள். உங்களில் யாருக்காவது போன் செய்து பால்கனிக் கம்பிக்கு நடுவே எத்தனை அங்குலம் என்று அவள் கேட்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். கேர்டேக்கரை ஸ்கேல் எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவள் லைனிலேயே இருப்பாள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்